களிம்பு நான்கு வாரம், குளிசை ஆறு மாதம்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மாலை ஆறரை மணிக்கு ஒரு பையன் பாமசிக்குள் வந்து, மற்றவர்கள் போகும்வரை இருமல் பாணி அடுக்கிய தட்டையே பார்த்துக்கொண்டு நின்றால், அவனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலுமாக இருபது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். இந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழைத்ததில்லை. அன்றும் பிழைக்கவில்லை. ஆனால் களிம்பு கேட்க வாயைத் திறந்தவன் கேட்டு முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினான். எத்தனை நாளாக என்று கேட்டேன். “படையா, இருமலா?” என்று திருப்பிக் கேட்டான். படை நான்கு மாதம், இருமல் ஒரு மாதம். மட்டக்களப்பிலிருந்து வந்து, ஜன்னல் ஒன்றே உள்ள அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்தான்.

படர்தாமரை, காசநோய் (டீபீ) இரண்டையும் பற்றி அவனுக்கு அன்றும் அடுத்த ஆறு மாதங்களிலும் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. நோயைக் கண்டுபிடிப்பதும் அளவு எழுதுவதும் அவர்கள் வேலை. எங்கே போவது, என்ன கேட்பது, வாங்கிய மருந்தை எப்படி உட்கொள்வது என்பவை என் வேலையாக இருந்தன.

முதலில் களிம்புக் குழாயைத் திருப்பிப் பாருங்கள்

வட்டமாக, ஓரம் சிவந்து செதில் விட்டு, நடு வெளுத்து, வியர்த்தால் உயிர் போகிற அரிப்பு: இதுதான் படர்தாமரை. ஆங்கிலத்தில் வளையப் புழு என்று பெயர் வைத்திருந்தாலும் அதில் புழு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பங்கசு என்று படித்தோமே, அதுதான். தோலின் மேற்படையில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வெளிப்பக்கமாகப் பரவுகிறது. அதனால்தான் வட்டம்.

இதற்கு உரிய மருந்து எளியது: குளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதம், நாளுக்கு இரண்டு முறை. டெர்பினஃபைன் 1 சதவீதக் களிம்பும் உண்டு. அது இன்னும் குறைந்த நாட்களில் வேலை செய்யும். ஆனால் கவுண்டரில் நடப்பது வேறு. “குளோ என்று தொடங்குமே, அந்தக் கிறீம்” என்று கேட்கிறார்கள். குளோ என்று தொடங்குவது இரண்டு. குளோட்ரிமசோல் பங்கசுவைக் கொல்லும். குளோபெட்டசோல் மிகக் கடுமையான ஸ்டீரொய்ட்; அது பங்கசுவுக்குப் பந்தி வைக்கும். இரண்டையும் ஓர் அன்டிபயோட்டிக்கையும் சேர்த்து அடைத்த குழாய்களும் விற்பனையில் உண்டு. அவற்றைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். வாங்கியவர் மருந்தை மெச்சுவார். உள்ளே பங்கசு தடையில்லாமல் வளரும். நிறுத்தினால் முன்னையதைவிடப் பெரிதாக வரும், மறுபடி பூசுவார், மறுபடி அடங்கும். சில மாதங்களில் வட்டத்தின் ஓரம் கலைந்து, தோல் வைத்தியரே பார்த்துத் தடுமாறுகிற உருவமாகிவிடும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் வருவதுபோன்ற கோடுகள் விழும். அவை போகமாட்டா.

என் ஆரம்ப காலத்தில் இப்படிப்பட்ட குழாய்களைக் கேட்டவருக்கெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் நன்றி சொன்னார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தப் பையனின் சட்டைப் பையிலும் அப்படியொரு குழாய், நசுங்கி முடிந்த நிலையில், இருந்தது. ஆகவே குழாயைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று எந்த ஸ்டீரொய்ட் இருந்தாலும், வைத்தியர் எழுதித் தராமல் படர்தாமரைக்கு அதைப் பூச வேண்டாம்.

பூசுவதிலும் முறை இருக்கிறது. குளித்து, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துக் காய வையுங்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கி உள்நோக்கிப் பூசுங்கள். பங்கசு கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தையும் தாண்டித்தான் நிற்கிறது. மெல்லிய படலமாகப் போதும். இரண்டு முதல் நான்கு வாரம் பூச வேண்டும். தோல் தெளிந்தபிறகும் ஒன்றிரண்டு வாரம் விடக்கூடாது.

அறை விடயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் பாதி நோய் அங்கேதான் இருக்கிறது. துவாய், சாரம், சவர்க்காரத் துண்டு ஆகியவற்றை அறைத்தோழரோடு பகிர வேண்டாம். மழைக் காலத்தில் ஜீன்ஸ் காய இரண்டு நாள் எடுக்கும். அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு அலுவலகம் போவதைவிடப் பருத்திக் காற்சட்டை ஒன்று வாங்கிவிடுவது மலிவு. உள்ளாடையைச் சுடுநீரில் தோய்த்து, காய்ந்தபின் அயன் செய்யுங்கள். அறையில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே காலத்தில் பூச வேண்டும். இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டேயிருக்கும்.

களிம்பு போதாத இடங்கள்

தலைத்தோலில் வந்தால், நகத்தில் வந்தால், உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தால், நீரிழிவு இருந்தால், ஒழுங்காகப் பூசியும் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் பாமசியை விட்டுவிட்டுத் தோல் நோய் கிளினிக்குக்குப் போங்கள். தேசிய வைத்தியசாலையில் இருக்கிறது. செதிலைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசுவுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. சுரண்டலுக்குப் போகும் முன் சில நாட்கள் எதையும் பூசாமல் இருக்கச் சொல்வார்கள். பூசிக்கொண்டு போனால் பரிசோதனை எதையும் காட்டாது.

இங்கே வாயால் விழுங்கும் மருந்துகள் வருகின்றன. தலைத்தோலுக்குக் கிரிசியோபுல்வின் அல்லது டெர்பினஃபைன். கிரிசியோபுல்வின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடம்பில் ஏறும். வெறும் பாணும் பிளேன்ரீயும் சாப்பிட்டுப் போடுவதில் பயன் குறைவு, தேங்காய்ப்பால் சொதியோடு சோறு சாப்பிட்டுவிட்டுப் போடலாம். நகத்துக்கு டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், கைவிரலுக்கு 6 வாரம், கால்விரலுக்கு 12 வாரம். பழைய நகம் வளர்ந்து வெளியேற மாதங்கள் பிடிக்கும் என்பதால், குளிசை முடிந்த அன்று நகம் அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இட்ராகோனசோல் கப்சியூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அமிலக் குறைப்பு மருந்து எடுப்பவர்களுக்கு அது சரியாக ஏறாது. கீட்டோகோனசோல் குளிசையை யாராவது பழக்கத்தில் சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரலைக் கெடுப்பதால் 2013 இல் ஐரோப்பாவில் அதை நிறுத்தினார்கள், அமெரிக்காவில் கடுமையாக மட்டுப்படுத்தினார்கள். ஷாம்பூவாகப் பாவிப்பதில் அந்தப் பிரச்சினை இல்லை.

வாய்க்குள் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை படிந்தால் அது கண்டிடா என்ற பங்கசு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொய்ட் பம்ப் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. வந்தால் நிஸ்டற்றின் சொட்டு. (நியூயோர்க் மாநில ஆய்வுகூடத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் கண்டுபிடித்த மருந்து அது, மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.) காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால்

இருமல், மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை, காற்சட்டை தளர்ந்துபோகிற மெலிவு. இவை காசநோயின் அறிகுறிகள். இவற்றில் இருமல் மட்டும் இரண்டு வாரத்தைத் தாண்டினாலே போதும், சளியைப் பரிசோதிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெருமுனையில் மூன்று தடவை அன்டிபயோட்டிக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று லெவோஃபுளொக்சசின். அந்த வகை மருந்து காசக் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். சில நாள் சுகம்போல இருக்கும், நோய் பிடிபடுவது தள்ளிப்போகும். சளி பார்க்காமல் அதை எழுதினால், “முதலில் சளி பார்க்கலாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

போக வேண்டிய இடம் மார்பு நோய் கிளினிக். மாவட்டந்தோறும் இருக்கிறது, கொழும்பில் மருதானைப் பக்கம் டீன்ஸ் வீதியில், தேசிய வைத்தியசாலைக்கு அருகில். வைத்தியரின் துண்டு இல்லாமலும் போகலாம். பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். நோய் கடுமையாக இருப்பவர்களை நீர்கொழும்பு வீதியில் உள்ள வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். 240 பஸ் அந்த வழியால் போகும். சிங்களம் வராதவர்கள் நான்கு சொல்லை மட்டும் பழகிக்கொண்டு போனால் போதும்: கெஸ்ஸ என்றால் இருமல், செம என்றால் சளி, லே என்றால் இரத்தம், பெதி என்றால் குளிசை.

சளிக்குச் சிறிய போத்தல் தருவார்கள். துப்பலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, நோய் இல்லை என்று வந்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் அதிகம். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூன்று தடவை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுப்பதுதான் சளி. அறைக்குள் வேண்டாம், மொட்டைமாடிக்குப் போங்கள். ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற கருவி இரண்டு மணித்தியாலமளவில் கிருமியையும் காட்டும், காசத்துக்கான முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் காட்டும். அடங்காவிட்டால் மருந்து வரிசையே வேறு. அதை விசேட நிபுணர்கள் பார்ப்பார்கள்.

பையனின் சளியில் கிருமி இருந்தது. அடங்கும் கிருமிதான்.

நான்கு மருந்து, பிறகு இரண்டு

முதல் 2 மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைட், எதாம்பியூட்டோல் நான்கும். அடுத்த 4 மாதம் முதல் இரண்டு மட்டும். நான்கையும் ஒரே குளிசையில் சேர்த்துத் தருகிறார்கள். எண்ணிக்கை எடையைப் பொறுத்தது, 50 கிலோ எடையுள்ளவருக்கு வழமையாக நாளுக்கு 3. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலமாவது முன்னர் விழுங்க வேண்டும். ஒரு தாதியோ ஊழியரோ பார்த்திருக்க விழுங்கச் சொல்வார்கள். உங்களை நம்பாமல் என்று கோபிக்க வேண்டாம். பலர் ஆறு மாதம் தாமாக ஒழுங்காக விழுங்குவதில்லை என்பது உலகம் முழுதும் கண்ட அனுபவம். தினமும் மருதானைக்கு அலைய முடியாதவர்கள், இருப்பிடத்துக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் எடுக்க ஒழுங்கு செய்யும்படி கேட்கலாம். நோன்பு காலத்தில் நேரத்தை மாற்ற வேண்டுமானால் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். வியர்வையும் கண்ணீரும் அப்படியே. அது ரிஃபாம்பிசினின் நிறம், இரத்தம் அல்ல. வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியும் கொன்டக்ட் லென்ஸும் கறைபடும்.

இனி மீன். இதைத் துண்டுப் பிரசுரங்களில் ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. சூரை மீன், சிங்களத்தில் பலயா, ஐஸ் குறைவாகக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். சாதாரணமாக நம் குடல் அதை உடைத்துவிடும். ஐசோனியசிட் அந்த உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. விளைவு, சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை வெடித்து, நெஞ்சு அடித்து, உடம்பெல்லாம் அரிக்கும். பார்ப்பவர்கள் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று குளிசையை நிறுத்தச் சொல்வார்கள். குற்றவாளி மீன். இந்தத் தொடர்பை 1970களின் பிற்பகுதியில் மருத்துவ இதழ்களில் எழுதியவர்களில் முக்கியமானவர், இங்கே மார்பு நோய் மருத்துவராக இருந்த சீ. ஜீ. உரகொட. சமைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஆறு மாதமும் சூரை, அதே இனத்து மீனான கெலவல்லா இரண்டையும் ஒதுக்குங்கள். அறையில் சமைப்பவன் வேறொருவன் என்றால் அவனுக்குக் காரணத்தோடு சொல்லி வையுங்கள். பையனுக்கு மூன்றாம் வாரம் இது நடந்து, நள்ளிரவில் என்னைத் தொலைபேசியில் எழுப்பினான்.

எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்

கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தால், தொடர்ந்து வாந்தி வந்தால் அடுத்த குளிசையை விழுங்காமல் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்; ஈரல் பாதிப்பு. பார்வை மங்கினால், சிவப்பும் பச்சையும் பிரித்தறியக் கஷ்டமாக இருந்தால் அதுவும் அன்றே. எதாம்பியூட்டோல் கண் நரம்பைத் தொட்டிருக்கலாம். கால் பாதம் எரிந்தால், விறைத்தால், ஐசோனியசிட்டால் இருக்கும். விற்றமின் பி6 சேர்த்துத் தருவார்கள். மூட்டு வலி பைரசினமைட்டின் வேலை, பெரும்பாலும் சமாளிக்கலாம். சாராயம் ஆறு மாதமும் வேண்டாம். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் கவனிக்க: ரிஃபாம்பிசின் அதைச் செல்லாக்காசு ஆக்கிவிடும், வேறு வழி கேளுங்கள். நீரிழிவுக் குளிசை, இரத்தம் இளக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் வலுவையும் அது குறைக்கும்.

இங்கேதான் பையனின் இரண்டு நோயும் முட்டிக்கொண்டன. படை களிம்புக்கு அடங்கவில்லை. தனியார் வைத்தியர் ஒருவர் இட்ராகோனசோல் எழுதினார். அவன் காசநோய் மருந்து எடுப்பதை அவரிடம் சொல்லவில்லை. வெட்கம். ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிடுகிறது. ஈரல் இட்ராகோனசோலை வந்த வேகத்தில் எரித்துவிடும், இரத்தத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு மாதம், விலையுயர்ந்த கப்சியூல், பயன் பூச்சியம். டெர்பினஃபைன் குளிசையையும் ரிஃபாம்பிசின் நன்றாகக் குறைக்கும், ஃபுளூகோனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்தைக் கொஞ்சம் குறைக்கும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் ஈரல் பழைய நிலைக்கு வர இரண்டு வாரமளவு பிடிக்கும். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும் எடுக்கும் மருந்தெல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். பேச வெட்கமானவர்களுக்கும் இது உதவும். அவனுக்குக் கடைசியில் தோல் கிளினிக்கில் சொன்ன வழி, அந்த ஆறு மாதமும் களிம்பை மட்டும் பொறுமையாகப் பூசுவது.

ஐந்தாவது வாரம்

மருந்தை விடுகிறவர்கள் பெரும்பாலும் சுகமானபிறகே விடுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் இருமல் போய், பசி வந்து, எடை கூடும். ஓடியாடும் கிருமிகள் செத்திருக்கும். மந்தமாகப் படுத்திருக்கும் கிருமிகளுக்குத்தான் மீதி மாதங்களும். பாதியில் விட்டால் மருந்துக்குப் பழகிய கிருமி எழும்பும்.

அந்தக் காலத்தில் காசநோய்க்காரரை ஊருக்கு வெளியே சானட்டோரியம் என்ற ஓய்வு வைத்தியசாலையில் வைத்தார்கள். 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு அதை மாற்றியது. நெருக்கமான, வறிய வீடுகளில் இருந்தபடியே மருந்து எடுத்தவர்களும் சானட்டோரியத்தில் முட்டையும் பாலும் சாப்பிட்டுப் படுத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரேயளவு குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. ஆகவே அறையிலிருந்து உங்களை வெளியேற்ற நியாயம் இல்லை. சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரமளவில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம், திறந்த ஜன்னல். தட்டையும் கோப்பையையும் பிரித்து வைப்பதில் பயன் இல்லை, காசம் காற்றால் பரவுவது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் அறைக்கு வருவார். பயப்பட வேண்டாம். கூட இருப்பவர்களைப் பரிசோதிக்கவே வருகிறார். ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு அண்மையில் தங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தேவைப்படலாம். பிறந்தபோது போட்ட பீசீஜி என்ற காசத் தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். அது குழந்தைகளைக் கடும் காசத்திலிருந்து காக்கும், வளர்ந்தவரின் நுரையீரலுக்கு உத்தரவாதம் தராது.

இரண்டாம் மாத முடிவிலும் பிறகு ஐந்தாம், ஆறாம் மாதங்களிலும் சளியைத் திரும்பப் பார்ப்பார்கள். இருமலே இல்லாதபோது சளி எங்கே என்று கேட்காமல் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முடிந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயை எறிய வேண்டாம். ஆறிய காசம் சிலரின் நுரையீரலில் குழி விட்டுப் போகும். வருடங்கள் கழித்து அந்தக் குழிக்குள் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு உருண்டையாகக் குடியேறலாம். அப்போது இருமலில் இரத்தம் வரும், எல்லோரும் காசம் திரும்பிவிட்டது என்பார்கள். சளியில் காசக் கிருமி இருக்காது. மருந்தும் வேறு, பெரும்பாலும் மாதக்கணக்கில் இட்ராகோனசோல். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வைத்தியருக்கு வேலை பாதி முடிந்தது. பையன் தன் படத்தை மெத்தைக்குக் கீழே வைத்திருந்தான். வளைந்துவிடும் என்று சொல்லி அலுமாரிக்குப் பின்னால், காலண்டர் மட்டை ஒன்றோடு சேர்த்து, நிமிர்த்தி வைக்கச் செய்தேன்.